ஏழு செக்கனுக்கு மேல

சிவப்பு பல்ப் எரிஞ்சிட்டுது, இனி இருமவும் ஏலாது, செருமவும் ஏலாது, கதிரையைப் பின்னுக்குத் தள்ளவும் ஏலாது, ஆனா அனஸ்தாசியாட இடது கால் மட்டும் மேசைக்குக் கீழ செருப்பக் கழட்டிப் போட்டுட்டு தன்ட பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கு. மற்றக் காலால அத மிதிச்சுப் பிடிக்கிறா, பிடிச்சா மேல விரல் தாளம் போடத் தொடங்குது. இருவத்திரண்டு வருசமா இந்த மைக்குக்கு முன்னால இருக்கிற மனுசி, மைக்குக்குப் பயந்தவ இல்ல. பயம் பதினாலாம் பக்கத்தில இருக்கு. மேசையில பரப்பி வச்சிருக்கிற கடுதாசிகள்ள பதினாலாவது, அதின்ட மூலைய நேத்தே மடிச்சு வச்சிட்டா. அந்தப் பக்கத்தில வசனமே பெரிசா இல்ல, அடைப்புக்குறிக்குள்ள ஒரே ஒரு வரிதான்: அம்மா இருவது செக்கன் பேசாம இருக்கிறா. ஞாயித்துக்கிழமை பின்னேரம் மூண்டு மணி நாடகம், பேர் ‘ஒம்பதாம் கேள்வி’, எழுதினதும் அவதான், இடையில கதை சொல்லுற குரலும் அவதான், நடிகருக்குக் கை காட்டிறதும் அவதான். டேப் தட்டுப்பாட்டுக் காலம், கப்பல்ல புதுசு வாறதில்ல, பழசையே அழிச்சழிச்சுப் பதிஞ்சு அது தலைமுடி உதிர்ந்த கிழவன் மாதிரி கிடக்கு, அதால நாடகமெல்லாம் நேரடியாத்தான் போகுது. நேரடியெண்டா வாயால போனது போனதுதான். வாய் மூடினா மூடினதுதான். அங்கதான் சிக்கல். கண்ணாடிக்கு அங்கால நிஸ்தார் இருக்கிறான், ஒப்பரேட்டர், முப்பத்திமூண்டு வயசு, ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், பேருவளைக்காரன், அவனுக்கு முன்னால ஒரு தட்டு சுத்துற மெசின், அதில வயலின் இசைத்தட்டு ஒண்டு இப்பவே ஏறி இருக்கு. ரெண்டரை மணிக்கு வெளியில நடையில வச்சு அவனிட்டச் சொன்னா. “இருவது செக்கனா? அக்கா, பகிடி விடாதீங்க. ஏழு செக்கனுக்கு மேல ஊசி படுத்துக் கிடந்தா நான் தட்டைப் போடோணும். எழுத்தில இருக்கு.” ஊசியெண்டா, மைக்கில சத்தம் போகுதா இல்லையா எண்டு காட்டுற ஊசி, கதைச்சா துள்ளும், கதைக்காட்டி இடது பக்கம் சாஞ்சு படுத்திரும். “என்ட நாடகத்திலயும் எழுத்திலதான் இருக்கு, நிஸ்தார்.” “உங்கட எழுத்தக் கேட்டுச் சனம் அழும் அக்கா. அவங்கட எழுத்தக் கேக்காட்டி என்ட வீட்டில அழும்.” “ஒருக்கா. இந்த ஒருக்கா மட்டும்.” “போன மாசம் ஒரு எச்சரிக்கைக் கடிதம், அதுக்கு முந்தின மாசம் ஒரு கடிதம் தந்திட்டாங்க. மூண்டாவது வந்தா நிரந்தரமும் இல்ல ஒண்டும் இல்ல, ஊருக்குப் போய் வாப்பாவோட குந்தி மீன் நிறுக்கிறதுதான்.” பிறகு பாவம், குரலக் குறைச்சு, “நடுவில ஒரு காகத்தக் கத்த விட்டா என்ன? நம்மட்ட நல்ல காகம் இருக்கு, தெளிவாக் கத்தும்.” “காகம் வேணாம்.” “கோழி?” “அந்த நேரம் கோழி கூடச் சத்தம் போடேல்ல, நிஸ்தார்.” எந்த நேரம் எண்டு அவன் கேக்கேல்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பா. சொல்லியிருக்க மாட்டா.

முதல் பக்கம் போயிட்டுது. பக்கத்தத் திருப்பிறதில்ல, திருப்பினா மழை பெஞ்ச மாதிரி மைக்கில கேக்கும், மெல்லமா இடது பக்கம் வழுக்கி விடோணும், இத எத்தின பேருக்குப் படிப்பிச்சிருப்பா. அதிகாரி வேசத்தில கனகசபாபதி நிக்கிறார், வீட்டில மனுசிக்குப் பயந்தவர், மைக்குக்கு முன்னால வந்தா கலெக்டர் தோத்துப் போவான். “விண்ணப்பம் நிரப்ப வந்திருக்கிறன். ஒம்பது கேள்வி. சுருக்கமாச் சொன்னாப் போதும். பேர்?” “லுவீசா.” அது பவளம் அக்கா, யாழ்ப்பாணத்து மனுசி, முப்பது வருசமா ரேடியோவில எல்லாருக்கும் அம்மா. கதையில அம்மாவுக்கு வச்ச பேர் அனஸ்தாசியாட சொந்த அம்மாட பேர்தான், மாத்தோணும் மாத்தோணும் எண்டு ஒம்பது தரம் எழுதிப் பாத்தா, வேற பேர் வச்சா அந்த மனுசி அசையிறாவே இல்ல. ஒத்திகையில பவளம் அக்கா கேட்டா, “ஏன் பிள்ளை, இவ்வளவு நேரம் நான் வாய மூடிக்கொண்டு நிண்டால் பவளத்துக்கு வசனம் மறந்து போச்சுது, வயசு போட்டுது எண்டு சனம் கதைக்காதே?” “கதைக்காதுகள் அக்கா.” “உனக்கென்ன, நீ சொல்லுவாய். கொக்குவிலில எங்கட மச்சாள் ரேடியோவுக்குப் பக்கத்திலயே இருப்பாள், எனக்கு எப்ப சறுக்குது எண்டு பாக்கிறதுக்கு.” சனம் என்ன செய்யும்? சனம் ரேடியோவுக்கு அடிக்கும். அதுதான் செய்யும். சத்தம் நிண்டா இந்த நாட்டில எல்லாரும் செய்யிற முதல் வேலை பெட்டியின்ட தலையில ஒரு அடி. ஏழு செக்கன் சட்டம் வந்ததே அப்பிடித்தானே. துரைநாயகம் எண்டு ஒரு அறிவிப்பாளர் இருந்தவர், சோக்கான குரல், ஒரு கலியாண வீட்டுச் சாப்பாட்டச் சாப்பிட்டிட்டு வந்து மைக்குக்கு முன்னால இருந்தபடி நித்திரை. ரெண்டு நிமிசம். ரெண்டே ரெண்டு நிமிசந்தான், மன்னார்ப் பக்கம் ஒரு கடைக்காரர் ஆட்சி கவுந்திட்டுது எண்டு கடையப் பூட்டி அரிசிய உள்ளுக்கு ஏத்தினாராம், மாத்தளையில ஒரு ஏழைக் கலியாணம், மேளத்துக்கு வசதியில்லாம ரேடியோ நாதஸ்வரத்துக்குத் தாலி கட்ட வச்சிருந்த இடத்தில, சத்தம் நிண்டிட்டுது, மாப்பிள்ளை தாலியத் தூக்கின கையோட பாத்துக்கொண்டே நிக்கிறானாம், பொம்பிளையின்ட தகப்பன் பெட்டிக்கு அடிச்ச அடியில... என்ன பக்கம் இது? நாலு. நாலுதான். அவட வரி வருது. வாய் தானாச் சொல்லுது, “கிணத்தடியில வெயில் ஏறிக்கொண்டிருந்தது. லுவீசா கையில இருந்த வாளியைக் கீழே வைக்கவில்லை.” பிழையில்லாம, அழகா, உருண்டையா. இந்த வாய்க்கு அவ தேவையே இல்ல. தொண்டை காயுது. பக்கத்தில சோசரால மூடி வச்ச கிளாஸ்ல தண்ணி இருக்கு. அத அவ பாக்கிறதில்ல.

“வயசு?” “மாதா கோயில் மணி வந்த வருசம் பிறந்தனான்.” “அது எந்த வருசம்?” “மணியிட்டத்தான் கேக்கோணும்.” கண்ணாடிக்கு அங்கால நிஸ்தார் சிரிக்கிறான், சிரிச்சுக்கொண்டே தட்டின்ட ஓரத்த ஒரு துணியால துடைக்கிறான். துடைக்காத. துடைக்காத நிஸ்தார். மாதா கோயில், புத்தளத்துக்கு அங்கால மஞ்சாடிமுனை, கடல்நீர்க் களப்புக் கரையில இருவது இருவத்தஞ்சு வீடு, அதில எட்டு வீடு இவட ஆக்கள், காப்பிரிச் சனம், ஆபிரிக்க வழிவந்த ஆக்கள், எண்டு ஊர் சொல்லும், கப்பல்ல எந்த வெள்ளைக்காரன் எப்பக் கொண்டுவந்து இறக்கினான் எண்டு ஆருக்கும் சரியாத் தெரியாது, இறக்கினவங்கள் போயிட்டாங்கள், இறங்கினவங்கள் நிண்டிட்டாங்கள். கறுப்பெண்டா இங்க எல்லாரும் கறுப்புத்தான், ஆனா இவட முடி சுருள் சுருளா நிண்டு கேக்கிறவனுக்குப் பதில் சொல்லும். அப்பா உப்பளத்தில வேலை, கால் முழுக்க வெடிப்பு, ஞாயித்துக்கிழமையில சிரட்டையும் கரண்டியும் போத்திலும் தட்டி தங்கட ஆக்களின்ட பழைய பாசையில பாட்டுப் படிப்பார், பாட்டின்ட கருத்துக் கேட்டா, “பாட்டப் படிக்கிறதா, கருத்துச் சொல்லுறதா, ஒண்டு சொல்லு” எண்டுவார். நத்தார் முடிஞ்சு, குழந்தை யேசுவப் பாக்க வந்த மூண்டு ராசாக்கள் திருநாளுக்குக் கோயில் மண்டபத்தில நாடகம் போடுவாங்க. மூண்டு ராசாவில ஒரு ராசா கறுப்பு. வருசா வருசம் அது இந்த எட்டு வீட்டில ஒரு பிள்ளைக்குத்தான், அனஸ்தாசியாவுக்குப் பதினொரு வயசில அவட முறை வந்தது, பொம்பிளைப் பிள்ளையெண்டாலும் பரவாயில்ல எண்டிட்டா கன்னியர் மடத்து மதர், வேசம் கட்டிற கூல்மன் மாமா பவுடர் டப்பாவ அந்தப் பக்கம் தள்ளி வச்சிட்டு, “இவளுக்கு ஒண்டும் பூசத் தேவையில்ல, கரி மிச்சம்” எண்டார். எல்லாரும் சிரிச்சாங்க. இவவும் சிரிச்சா. சிரிப்பில்ல பிரச்சினை. வெள்ளை ராசாவுக்கு ஆறு வரி வசனம், மஞ்சள் ராசாவுக்கு நாலு வரி, கறுப்பு ராசாவுக்கு ஒண்டுமில்ல, சும்மா பெட்டியத் தூக்கிக்கொண்டு வந்து நிக்கோணும். “நான் என்ன சொல்லுறது மதர்?” “நீ முழங்கால்ல நில்லு பிள்ளை, அதுவே காணும்.” அண்டைக்கு வீட்ட போய் அடுப்புக்கரியால சீமெந்துப் பையில எழுதினதுதான் முதல் வசனம். ‘நான் கனதூரத்தில இருந்து வாறன், எனக்குக் கால் நோகுது.’ நாடகத்தண்டு மதருக்குச் சொல்லாமலே அதச் சொல்லிப் போட்டா. மண்டபம் கொல்லெண்டு சிரிச்சு, பிறகு அடங்கி, பிறகு ஆரோ ஒரு கிழவி பின்னுக்கிருந்து, “பாவம், இருக்க விடுங்களன் அந்த ராசாவ” எண்டா. அதோட தொடங்கினது. நாப்பத்திமூண்டு நாடகம். பேசாம நிண்ட எல்லாத்துக்கும் வாய் குடுத்தாச்சு, வேலைக்காரிக்கு, தபால்காரனுக்கு, ஒருக்கா ஒரு மாட்டுக்குக் கூட. இப்ப நாப்பத்திநாலாவதில வாய மூடப் போறா. மூட விட்டாத்தானே.

ஏழாம் பக்கம். “புருசன்?” “உப்பு.” “உப்பா?” “உப்பளத்தில செத்தவர்.” கனகசபாபதி ஒரு கணம் பிந்தித்தான் அடுத்த கேள்விய எடுக்கிறார், ரெண்டு செக்கன், ஊசி படுக்குது, நிஸ்தார் நிமிர்ந்து பாக்கிறான். ரெண்டுக்கே இப்பிடியெண்டா. கையில நிறுத்துக்கடிகாரம், வேர்வையில வழுக்குது. இந்தக் கையப் பாத்துத்தானே முதல் நாள் வாசல்ல நிண்ட காவல்காரன், “சமையலுக்கு ஆள் எடுக்கிறது பின்வாசல்ல” எண்டவன். குரல் பரீட்சைய ஒரு திரைக்கு அங்கால வச்சுத்தான் எடுத்தாங்க, ஆள் ஆரெண்டு தெரியாம மார்க் போடுறதுக்கு, அதால வேலைக் கடிதம் வந்திட்டுது, ஆனா வாசல்ல திரை இல்லையே. அவவுக்குக் கோவம் வரேல்ல, வாய் தானாத் திறந்தது, “நேரம் காலை எட்டு மணி பத்து நிமிடம்” எண்டா, அவன் சட்டெண்டு எழும்பி நிண்டு தன்ட கைக்கடிகாரத்தப் பாத்து அதுக்குச் சாவியும் குடுத்தான். அண்டையிலயிருந்து இருவத்திரண்டு வருசம். பிறந்தநாள் வாழ்த்து, பொங்கும் பூம்புனல் மாதிரிக் காலைப் பாட்டு, மீனவருக்குக் காத்து நிலவரம், மரண அறிவித்தல். மரண அறிவித்தல். வேண்டாம், அங்க போகாத. கடிதங்கள நினை. லிந்துலைத் தோட்டத்தில இருந்து ஒரு ஆள் இவட படம் எண்டு கீறி அனுப்பினான், நீட்டுப் பின்னல், சாமந்திப் பூ, எலுமிச்சை நிறம். அத அலுமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வச்சிருக்கிறா, காலையில, “என்ன தங்கச்சி, சுகமா?” எண்டு கேப்பா. ஊரில ரேடியோ மரைக்கார் கடையில மட்டுந்தான் இருந்தது. அம்மா கிணத்து வேலைய முடிச்சு, முகம் கழுவி, கோயிலுக்குப் போற மாதிரிச் சீலை மாத்திக்கொண்டு வந்து அரிசி மூட்டைக்குப் பக்கத்தில இருப்பாவாம். அறிவிப்பில ஒரு சின்ன இடைவெளி விழும், பாட்டுத் தட்டு மாத்தேக்க, கடுதாசி தேடேக்க. சனம் உடன மரைக்காரிட்ட, “தட்டும் மரைக்கார் காக்கா பெட்டிய, தட்டும்” எண்டு கத்தும். அம்மா கையக் காட்டித் தடுப்பா. “பொறுங்க. அடிக்காதீங்க. பிள்ளை தண்ணி குடிக்குது.” இருவத்தொரு வருசமா அதையே சொன்னாவாம், கடைசியில மரைக்கார் கடைப் பக்கம் பிள்ளைகள் விளையாட்டில நிண்டாலும் ‘தண்ணி குடிக்குது’ எண்டுதான் சொல்லுமாம். உண்மை என்னெண்டா அனஸ்தாசியா ஒரு நாளும் குடிச்சதில்ல. ஒலிபரப்பில தண்ணி குடிக்கிறது பாவம். முழுங்கிற சத்தம் மைக்கில மாடு குடிச்ச மாதிரிக் கேக்கும். புதுசா வாறவங்களுக்கு முதல் பாடமே அதுதான், “எச்சில் முழுங்கினாலும் மட்டக்களப்பில கேக்கும், கவனம்.” ஒவ்வொரு நாளும் பியோன் கிளாஸ நிரப்பி வைப்பான், ஒவ்வொரு நாளும் அப்பிடியே எடுத்து ஊத்துவான். இதையும் அம்மாவுக்கு அவ சொல்லேல்ல.

பத்தாம் பக்கம். “படிப்பு?” “என்ட மகளிட்டக் கேளுங்க, அவதான் படிச்சவ.” ஓம், படிச்சவ. படிச்ச படிப்புத்தான் கத்திய எடுக்க வச்சது. கத்தியெண்டா சவர அலகு, டேப்ப வெட்டி ஒட்டுறதுக்கு, அனஸ்தாசியாட கை அதில பேர் போன கை, இருமல வெட்டுவா, ‘வந்து, வந்து’வ வெட்டுவா, மந்திரி ஒருத்தர் மூண்டு தரம் சொன்னத ஒருதரமாக்கி அவரே கேட்டு, “நான் இவ்வளவு நல்லாக் கதைச்சனா” எண்டு கேட்டிருக்கிறார். நாலு வருசத்துக்கு முந்தி ஊர்களப் பத்தி ஒரு நிகழ்ச்சி, ஒலிப்பதிவுப் பெட்டியத் தூக்கிக்கொண்டு மஞ்சாடிமுனைக்குப் போனா, கல்லு மாதிரிப் பாரம், பஸ்ல அதுக்கும் ஒரு டிக்கட் கேட்டான் கண்டக்டர். அம்மாவக் கிணத்தடியில இருத்தி மைக்க நீட்டி ஒவ்வொண்டாக் கேட்டா. கடைசியா, “நாங்க எங்கயிருந்து வந்தனாங்க அம்மா?” எண்டு கேட்டா. அம்மா பேசேல்ல. பேசாம இருந்தா. எவ்வளவு நேரம்? இருவது செக்கன். பிறகுதான் சொன்னா, “இந்தக் கிணறு எங்கட ஆக்கள் வெட்டினது.” அந்த இருவது செக்கனில என்ன கேட்டது? கயிறு சொட்டினதா? அம்மா மூச்சு விட்டாவா, அப்பா செத்த பிறகு வந்த அந்த இழுப்பு இருந்ததா? தெரியேல்ல. அங்கதான் நிண்டவ, அம்மாட முகத்துக்கு முன்னால, ஆனா முகத்தப் பாக்கேல்ல, டேப் சும்மா ஓடுதே எண்டு சக்கரத்தப் பாத்துக்கொண்டு நிண்டவ. திரும்பி வந்து வெட்டினா. இருவது செக்கன், எட்டு முழம் டேப், ஒரு வேட்டி நீளம், வெட்டி எடுத்துக் கழுத்தில போட்டா, எல்லாரும் அப்பிடித்தான் போடுறது, வேலை முடிய மாலை மாதிரிக் கழட்டிக் கூடையில போடுவாங்க. ‘இருவது செக்கன் மிச்சம் பிடிச்சிட்டன்’ எண்டு சொல்லிப் பெருமைப்பட்டதும் ஞாபகம் இருக்கு. பின்னேரம் நிலையத்தக் கூட்டித் துடைக்கிற பேபி நோனா அதையும் கூட்டி அள்ளினா. நிகழ்ச்சி போச்சு. கேள்வி, பதில், டக் டக்கெண்டு. ‘எங்கயிருந்து வந்தனாங்க அம்மா?’ ‘இந்தக் கிணறு எங்கட ஆக்கள் வெட்டினது.’ நாடு முழுக்கச் சிரிப்பு. கடிதம் கடிதமா வந்தது, ‘உங்கள் தாயார் நல்ல பகிடிக்காரி, வெட்டொண்டு துண்டு ரெண்டாகப் பதில் சொல்கிறார்.’ அம்மா வெட்டேல்ல. வெட்டினது இவ. அடுத்த முறை ஊருக்குப் போகேக்க அம்மா மீன் செதில் எடுத்துக்கொண்டு தலை நிமிராமக் கேட்டா, “நான் அவ்வளவு கெதியாவா சொன்னன் அனஸ்தா?” “இல்லம்மா, ரேடியோவுக்காகக் கொஞ்சம் சுருக்கினது.” “ஆ. சுருக்கினதா.” ரெண்டு மீன் முடிஞ்சுது. “மிச்சத்த என்ன செஞ்ச?” “பத்திரமா இருக்கும்மா.” பத்திரமா இருக்கெண்டு சொன்னா. அம்மா தலையாட்டினா. நம்பினாவா, இல்ல இவள் பொய் சொல்லுறாள் எண்டு தெரிஞ்சு தலையாட்டினாவா, அந்தத் தலையாட்டலுக்கு எத்தின செக்கன்...

பதினொண்டு. பன்னிரண்டு. கால் திரும்ப ஆடுது, செருப்பக் காணேல்ல, எங்க போச்சு. “இனம்? சிங்களம், தமிழ், சோனகர், பறங்கி, மலாயர், வேறு.” “அதில கடைசியா என்னமோ சொன்னீங்களே.” “வேறு.” “அப்ப அதுதான்.” பதிமூண்டு வழுக்குது. போன வருசம் அம்மா போயிட்டா. காலம ஏழு மணிக்குத் தம்பி கச்சேரியில, அரசாங்கக் கந்தோரில, இருந்து போன் எடுத்தான், பஸ் ரெண்டு மணிக்குத்தான், டியூட்டி பன்னிரண்டு மணி வரைக்கும் இவவுக்கு, மாத்துறதுக்கு ஆள் இல்ல, அவங்க போகச் சொன்னாலும் எங்க போறது, பஸ் ஸ்டாண்டில போய் இருக்கிறதா. பத்து மணி மரண அறிவித்தலில ஆறாவது கடுதாசி. ‘மஞ்சாடிமுனையைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட திருமதி லுவீசா மார்க்கஸ் அவர்கள் காலமானார்.’ பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும். எல்லாருக்கும் போடுற வரிதான், அந்த வரி அம்மாவுக்கு எவ்வளவு பெரிய சாமான் எண்டு வாசிக்கேக்கத்தான் தெரிஞ்சது, தெரிஞ்சும் நிக்கேல்ல. ‘அன்னார் காலஞ்சென்ற செபஸ்தியான் மார்க்கஸின் அன்பு மனைவியும், அனஸ்தாசியா, லோரன்ஸ் ஆகியோரின் பாசமிகு தாயாரும்’, தன்ட பேரையும் வாசிச்சா, மற்ற ஆரோட பேர் மாதிரி, முப்பத்தஞ்சு செக்கன், ஒரு பிசிறில்ல. மேலயிருந்து ஒருத்தர் வந்து, “என்ன கட்டுப்பாடு!” எண்டு தோளத் தட்டினார். செத்த வீட்டுக்குப் போய் இறங்க, பக்கத்து வீட்டு ரொசாரியா மாமி கட்டிப்பிடிச்சு அழுதா, அழுது முடிஞ்சு, மூக்கச் சிந்திக்கொண்டு, குத்திக் கதைக்கோணும் எண்டில்ல, அந்த மனுசிக்கு அப்பிடிக் கதைக்கவே தெரியாது, சும்மா அதிசயமாச் சொன்னா, “மரைக்கார் கடையில எல்லாரும் கேட்டுக்கொண்டு நிண்டம் பிள்ள. உன்ட அம்மாட அறிவித்தல். ஒரு இடத்திலயும் நீ தண்ணி குடிக்கேல்லயே.”

பதினாலு. மடிச்ச மூலை விரல்ல படுது. கனகசபாபதி கண்ணாடிய மூக்கில தள்ளி வச்சு மைக்குக்குக் கிட்ட வாறார். “கடைசிக் கேள்வி. உங்கட பூர்வீகம் எது? நீங்கள் எங்கயிருந்து வந்தனீங்கள்?” அனஸ்தாசியா இடது கைய உயத்திப் பிடிக்கிறா, இந்தக் கை விழுந்தாத்தான் பவளம் அக்கா வாய் திறப்பா. நிறுத்துக்கடிகாரத்த அமத்திறா. ஒண்டு. ஊசி இடது பக்கம் சாயுது. ரெண்டு. நிஸ்தார் தட்டில ஒரு விரல வச்சு அமத்திக்கொண்டு மெசினச் சுழல விட்டிட்டான், விரல எடுத்தா வயலின், அவ்வளவுதான். அவன் இவவப் பாக்கேல்ல, ஊசியப் பாக்கிறான். அவன்ட உதடு எண்ணுது. மூண்டு. ஐயோ, கெஞ்சிக் கண் காட்டுவமா, வேண்டாம், ரெண்டு பிள்ளை, மூண்டாவது கடிதம், அவன்ட வாப்பாட தராசு, இவட அம்மாட இருவது செக்கனுக்கு அவன் ஏன் மீன் நிறுக்கோணும். கைய விழுத்துவமா. இப்பவே விழுத்தினா ஆருக்கும் ஒண்டும் தெரியாது, நல்ல டக்கெண்ட பதிலா வரும், சனம் சிரிக்கும். நாலு. எங்கயும் கை உயருது, லிந்துலையில, கொக்குவிலில, மன்னார்க் கடையில, எல்லாக் கையும் பெட்டிக்கு மேல. மரைக்கார் கடையிலயும். அங்க இப்ப கையக் காட்டித் தடுக்க ஆள் இல்ல. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில இடம் சும்மா கிடக்கும். அஞ்சு. தொண்டை உப்புப் பாத்தி மாதிரிக் காஞ்சு கிடக்கு. ஆறு. கை, உயத்திப் பிடிச்ச கையில்ல, மற்றக் கை, கடிகாரத்த மேசையில வச்சிட்டுப் போகுது, ஆரும் சொல்லேல்ல, சோசரத் தூக்குது, சோசர் கிளாஸ்ல பட்டு டிங்கெண்டுது, ஊசி துள்ளுது. அனஸ்தாசியா குடிக்கிறா. ஒரு மிடறு. மாடு குடிச்ச மாதிரித்தான், இருவத்திரண்டு வருசமாச் சொன்னது சரிதான், மட்டக்களப்பு வரைக்கும் கேட்டிருக்கும். நிஸ்தார் திடுக்கிட்டு இவவப் பாக்கிறான், ஊசியப் பாக்கிறான், திரும்ப இவவப் பாக்கிறான். படுத்த ஊசி எழும்பிட்டுதே. எழும்பினா எண்ணிக்கை முதல்ல இருந்து. அவன்ட உதடு: ஒண்டு. விரல் தட்டிலயே இருக்கு. பவளம் அக்காட கண் இவ்வளவு பெரிசாப் போச்சு, பிள்ளைக்கு விசர் எண்டு நினைச்சிருப்பா, எண்டாலும் முப்பது வருசத்து அம்மா, அசையேல்ல. தண்ணி குளிர்ச்சி இல்ல, ஒரு குழாய் வாசம், கிணத்துத் தண்ணி இல்ல, ஆனா போகுது, உள்ளுக்குப் போகுது, வெடிச்ச நிலத்தில இறங்கிற மாதிரி. மூண்டு, நாலு, அஞ்சு. கால் ஆடேல்ல. எப்ப நிண்டது எண்டு தெரியாது. ஆறு. ரெண்டாவது மிடறு. ஊசி துள்ளுது, நிஸ்தார் திரும்ப ஒண்டு எண்டுறான், இப்ப அவன்ட முகத்தில ஒரு கள்ளச் சிரிப்பு, வாப்பாட தராசில ஏறாத மீனக் கண்டவன் மாதிரி. இப்பத்தான் கேக்குது. கயிறு சொட்டினது. வாளியின்ட அடி மண்ணில ஒரு தரம் உரசினது. அம்மாட மூச்சில அந்த இழுப்பு, ஓம், இருந்தது, ரெண்டு தரம், ரெண்டாவது நீளம். அம்மா கிணத்தப் பாக்கேல்ல, களப்பத் தாண்டிப் பாத்தா, கண்ணச் சுருக்கி, தெரியுதா எண்டு பாக்கிற மாதிரி. பிறகுதான் கிணத்தப் பாத்தா. அத இவ கண்டிருக்கிறா. சக்கரத்த மட்டும் பாக்கேல்ல, கண்டுமிருக்கிறா. மூண்டாவது மிடறு, கிளாஸ்ல மிச்சம் இல்ல. கடிகாரம் இருவதத் தாண்டி இருவத்திநாலில ஓடுது, ஓடட்டும். கைய மெல்ல இறக்கினா.

“இந்தக் கிணறு,” எண்டா பவளம் அக்கா, அவசரமில்லாம, வாய் நிறைய, “எங்கட ஆக்கள் வெட்டினது.” கனகசபாபதிக்கு அடுத்த வரி இருந்தது, ‘எழுதிக்கொள்கிறேன்’ எண்டு, அவர் அதச் சொல்லேல்ல, மறந்தாரோ, வேணுமெண்டே விட்டாரோ, கடுதாசியில பேனை ஓடுற சத்தம் மட்டும் போச்சு.

மிச்சப் பக்கங்களும் வழுக்கிப் போய், மூண்டரைக்குச் சிவப்பு பல்ப் அணைஞ்சுது. பவளம் அக்கா, “இனி மச்சாள் என்னைக் கேக்க மாட்டாள், உன்னைத்தான் கேப்பாள், ஆர் அந்த மாடு எண்டு” எண்டு சொல்லிச் சிரிச்சுக்கொண்டே சீலைத் தலைப்பால கண்ணத் துடைச்சா. கண்ணாடிக்கு அங்கால டெலிபோன் அடிக்குது, மேலயிருந்துதான், வேற ஆர். அனஸ்தாசியா ஒரு கால்ல செருப்பு, மற்றக் கால் வெறுங்கால், அப்பிடியே அங்கால போனா. நிஸ்தார் போன காதில வச்சு, “ஓம் சேர். இல்ல சேர். ஏழுக்கு மேல போகேல்ல சேர். ஆறுதான். மூண்டு தரம் ஆறு சேர்” எண்டான். வச்சிட்டு, நேரநேரத்துக்கு என்ன போச்சு எண்டு எழுதுற பெரிய புத்தகத்த இழுத்தான். “காரணம் எழுதச் சொல்லுறாங்க அக்கா. என்ன எழுத?”

“நடந்தத எழுது.”

அவன் பேனைய உதறி, நிலையத்துக்குரிய தமிழில, ஒவ்வொரு எழுத்தா எழுதினான். அவ நிண்ட இடத்தில இருந்து எழுத்துத் தலைகீழாத் தெரிஞ்சுது. எண்டாலும் வாசிச்சா, விரல வச்சு, சொல்லுக்குச் சொல் நிண்டு நிண்டு, அவசரமில்லாம.

‘பிற்பகல் 3.19. அறிவிப்பாளர் தண்ணீர் குடித்தார்.’